அண்ணன் வீட்டு நிலையில் 304

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியவளுடைய மாமியார் தெய்வானை அம்மா. சொன்னது போன தை மாதம், பெரியவளுக்குக் கட்டுச்சோறு விருந்து முடித்துப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவரப் போயிருந்த அன்று. வண்டி வரத் தாமதமாகி, நானும் அவரும் மீந்துபோன புளிச்சோற்றை இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மத்தியானம் அது. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, கண்ணு. ஒரு சேலையின் விலையைக்கூடக் குறைத்துச் சொல்லத் தெரியாதவர். அதனால் அவர் சொன்னபடியே சொல்கிறேன். நடுவில் நான் முருகா என்றால் அது என் வழக்கம், கதையோடு சேர்த்துக்கொள்ளாதே.

அவர்கள் ஊர் தொட்டிக்காட்டுப்புதூர். ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, தோப்பைச் சுற்றித் தேங்காய்க் களம், களம் முழுக்கக் கொப்பரை காய்ந்து, வருகிறவர் போகிறவர் துணியெல்லாம் எண்ணெய் வாசம் அடிக்கிற ஊர். அந்த ஊருக்கு மேற்கே பொட்டலில் ஒரு கம்பெனிக்காரர்கள் ஜன்னலே வைக்காமல் நீளமாக ஒரு கட்டடம் கட்டி, உள்ளே ஆளுயரப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒருவர் போனைத் தொட்டு எதையாவது காட்டு என்று கேட்டால், இங்கே ஒரு பெட்டி பதில் சொல்லுமாம். முதலில் மூன்று இலக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்லி, கொடுக்க வேண்டியது இருந்தால் அப்புறம் கொடுக்குமாம். அந்தக் கட்டடம் ஓடத் தொடங்கிய வருசம், பங்குனியில் மாரியம்மன் நோன்பு முடிந்து கம்பம் பிடுங்கிய மறுநாள் காலையில், ஊர்க் கதவுகளும் எண் சொல்லத் தொடங்கின.

எப்படி என்றால், வாசல் நிலையின் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமத்தில் மூன்று பொட்டு வைக்கிறோமே, யாராவது வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் அந்த மூன்று பொட்டும் மெல்ல நெளிந்து மூன்று எண்ணாகும், வந்தவர் பார்ப்பார், தெருவும் பார்க்கும், அவர் உள்ளே போனதும் அல்லது திரும்பிப் போனதும் மறுபடி பொட்டாகிவிடும். ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒற்றைப் பொட்டு வைத்துப் பழகிய வீட்டுக்காரர்கள் மட்டும், எண் வர இடம் பத்தாமல் வெறும் 2 வந்து முழிக்கவும், அவசரமாக இன்னும் இரண்டு பொட்டு வைத்தார்கள். அவ்வளவுதான்.

அர்த்தம் சொன்னது கார்குழலி என்கிற பெண். விழுப்புரத்துப் பக்கத்துக்காரி; அந்தக் கட்டடத்தில் வேலை, தெய்வானை அம்மா வீட்டு மாடியில் குடியிருப்பு. வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே குழாயடியில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஏங் கண்ணு, எங்க கதவு 302ங்குது, எதுக்கு?"

"உங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குன்னு நீங்க எல்லாரும் பின்வீட்டுலயே இருக்கீங்கல்ல, அதான் இப்போதைக்கு அந்தப் பக்கம் போங்கன்னு சொல்லுது."

"அப்ப எங்க பெரிய பங்காளி ஊட்டுல 301?"

"அவங்க புது வீட்டுக்கே போயிட்டாங்களே. இனிமே இந்தப் பக்கம் வராதே, எப்பவும் அங்கயே போன்னு அர்த்தம்."

இப்படி ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டது. பெண் கேட்டு வந்தவர்கள் ஆண்பிள்ளைகள் மட்டுமே இருக்கிற வீட்டில் நின்றபோது 404 வந்தது. நீ கேட்கிறது இங்கே கிடையாது என்று பொருள். கருவேப்பிலைக்கு ஒரே காலையில் திரும்பத் திரும்ப வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு 429 வந்து, இத்தனை தடவை கேட்காதே என்று சொல்ல, அவள் கோபித்துக்கொண்டு சொந்தமாக ஒரு செடி வைத்தாள். டீக்கடையில் போய்க் காபி கேட்டால் 418 வரும். அதைக் கேட்டு கார்குழலி பல் தேய்க்கிறதை விட்டுவிட்டுச் சிரித்தாளாம், அது யாரோ வேடிக்கைக்கு உண்டாக்கின எண், நான் டீப்பானை, என்னிடம் காபி கேட்காதே என்று சொல்கிற எண், நிசமாகவே ஒரு இடத்தில் வரும் என்று நினைக்கவில்லை என்றாளாம். புதிதாகக் கல்யாணமான ஒரு வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் சிரித்த முகமாக நிற்க, நிலையில் 500 எழுந்தது. உள்ளே என்னவோ உடைந்திருக்கிறது, என்னவென்று கதவுக்கே சொல்லத் தெரியவில்லை என்று பொருள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றும் கேட்காமல் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். செத்துப்போன மனுசனைத் தேடி வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நின்றபோது 410 வந்தது. இருந்தார், இனி என்றைக்கும் இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த எண்ணைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அத்தனையும் யாருக்கு நினைவிருக்கும்? அதனால் ஊர் சுருக்கமாக ஒன்றை வைத்துக்கொண்டது. இரண்டில் ஆரம்பித்தால் உண்டு, உள்ளே போகலாம். மூன்றில் ஆரம்பித்தால் உன் இடம் இது இல்லை, வேறு வாசலைப் பார். நாலில் வந்தால் வந்தவர் மேல் குறை, ஐந்தில் வந்தால் வீட்டின் மேல் குறை. இப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள், இது போதும் என்றும் நினைத்தார்கள்.

எண் வந்த பிறகு ஊரில் பொறாமை வளர்ந்தது, கண்ணு. முன்னெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட அவளைப் பார்த்துக் கூடச் சிரித்தாளோ என்று மனசுக்குள் அரித்துக்கொண்டு கிடப்போம், அது நம்மோடு போகும். இப்போது யாருக்கு எந்த வீட்டில் 200 வருகிறது என்று தெருவே நின்று படித்தது. தனக்கு 503 வந்த வாசலில், இப்போது முடியாது அப்புறம் வா என்று சொன்ன வாசலில், தன் ஓரகத்திக்கு 200 வந்ததைப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தவர்கள் உண்டு. மாரியம்மன் கோயில் வாசலில் மட்டும் யார் போய் நின்றாலும் 200தான். அதுவும் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆத்தா, அவளுக்குமா என்று அங்கேயே நின்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்திதான் கலாமணி. தெய்வானை அம்மா வீட்டுக்கு நேர் எதிர்வீடு கலாமணியின் அண்ணன் சென்னியப்பனுடையது. கலாமணியை அதே ஊரில் அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சென்னியப்பன் களம் வைத்திருப்பவர், பேச்சு குறைவு, கொப்பரையோடு கொப்பரையாகக் காய்ந்த மனுசன். அண்ணனுக்குத் தங்கச்சி ஒருத்தி, தங்கச்சிக்கு அண்ணன் ஒருத்தர், அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கலாமணி அண்ணன் வாசலில் வந்து நிற்பாள். வந்து நின்றதும் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எல்லாம் அப்பிடியேதானுங்களா, அண்ணா?"

உள்ளேயிருந்து ஒரு "ம்" வரும். அவளாகப் போய் அவளாகத் தண்ணீர் மொண்டு குடித்து, அண்ணன் பெண்டாட்டி தனபாக்கியத்தோடு கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துவிட்டு வருவாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். கலாமணியும் நங்கையும் சண்டை போட்டதில்லை, கொஞ்சிக்கொண்டதும் இல்லை.

எண் வந்த முதல் வெள்ளிக்கிழமை கலாமணி வந்து நின்று வழக்கம்போலக் கேட்டாள். நிலையில் 304 எழுந்தது. ஊரில் வேறு யாருக்கும் வராத எண். உள்ளேயிருந்து அந்த "ம்" தவிர ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் திருப்பூரிலிருந்து தனபாக்கியத்தின் தங்கை சுகந்தி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஊட்டுல ஆருங்க?" என்று ஒரு குரல் கொடுத்தாள். குங்குமம் அப்போதுதான் அரைத்துப் பூசின மாதிரிப் பளீரென்று 200. சென்னியப்பன் எழுந்து வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா? தனம், அந்தச் செவ்வெளநி வெட்டுனது வெச்சிருக்குதே, எடுத்தா."

பிறகு உள்ளே சந்தவை பிழிகிற சத்தமும் தேங்காய்ப்பால் வாசமும் தெருவுக்கு வந்தன. கலாமணி அப்போது தெய்வானை அம்மா வீட்டு வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த புளியைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம், அது கையோடு ஒட்டிக் கறுத்துப் போகிற வரைக்கும்.

"இவ்வளவு பேச்சு எங்கண்ணனுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றாள். "எனக்கு ஒரு நாள் வாங்கன்னு சொல்லியிருப்பாரா? ஒரு எளநி?"

"நீ என்ன ஒறம்பரையா, வந்து போற விருந்தாளியா, உன்னய வாங்கன்னு சொல்ல?" என்றார் தெய்வானை அம்மா.

"ஒறம்பரையா இருந்திருக்கலாமாட்டிருக்குது."

குழாயடிப் பெண்கள் விடுவார்களா? "ஏண்டி கலாமணி, உங்கண்ணன் ஊட்டுல உனக்கு மூணுல வருதாமா? வேற வாசலப் பாருன்னு சொல்லுதாட்ட இருக்குது. கொழுந்தியாளுக்கு இரநூறு, கூடப் பொறந்தவளுக்கு வேற வாசல்!" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கலாமணி நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கார்குழலியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் தன் அண்ணன் வீட்டுக் கதவு தன்னிடம் என்ன சொல்கிறது என்று வெளியூர்ப் பெண்ணிடம் போய்க் கேட்கிற அளவுக்கு அவளுக்கு வயிற்றெரிச்சல் ஆறவில்லை. முருகா, அந்த வேதனை எனக்குத் தெரியும்.

அப்படியே மாசங்கள் போயின, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 304, சுகந்தி வருகிறபோதெல்லாம் 200, இரண்டையும் தெருவே பார்த்தது. அந்த நேரத்தில்தான் கலாமணியின் மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. உனக்குத் தெரியும், நம்மில் பெண் மணவறைக்குப் போகுமுன் தாய்மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மாமன் கை படாமல் பெண் எழுந்திருக்கக் கூடாது. கலாமணி என்ன செய்தாள் என்றால், பட்டத்தைத் தன் பெரியப்பன் மகனை விட்டுக் கட்டச் சொல்லப் போகிறேன் என்று ஊரறியச் சொன்னாள். வேற வாசலப் பார் என்று சொன்னது அவர் கதவுதானே, பார்த்துக்கொண்டேன் என்றாள். அந்தப் பேச்சு சென்னியப்பன் காதுக்கும் போனது. அவர் அன்றைக்குக் களத்தில் காயாத கொப்பரையை மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, ஆட்கள் சொன்ன பிறகு அவிழ்க்கச் சொன்னார்.

மிருதுளாதான் அழுதாள். "எனக்கு எம்மாமந்தான் வேணும். எங்க மாமன் கட்டலீன்னா நான் எந்திரிக்க மாட்டேன்" என்று பட்டுச்சேலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டாள். அந்தப் பிடிவாதத்துக்குப் பயந்துதான் கலாமணி கடைசியில் கார்குழலியைத் தேடி மாடிப்படி ஏறினாள். ஏறினவள் அர்த்தம் கேட்கவில்லை.

"304ஐ 200 ஆக்க முடியுமா, கண்ணு?"

கார்குழலி துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். "304ஆ? எதுக்குக்கா மாத்தணும்? எங்க வேலையில அந்த எண்ணப் பாத்தா நாங்க சந்தோசப்படுவோம்" என்றாள். "முன்னாடியே ஒரு தடவ முழுசா வாங்கி வெச்சிருக்கிறவங்க திரும்ப வந்து, எங்கிட்ட இருக்கிறது இன்னும் அப்படியேதான் இருக்கா, மாறிடுச்சான்னு கேப்பாங்க. மாறலேன்னா 304. உங்கிட்ட இருக்கிறதே சரி, அதையே வெச்சுக்கோ, திரும்ப அனுப்ப வேண்டியதில்லன்னு அர்த்தம். அதோட ஒண்ணும் கொடுத்தனுப்ப மாட்டாங்க, வெறும் எண் மட்டும்தான். கையில ஒண்ணுமில்லாம வரவங்களுக்குத்தான் 200 போட்டு எல்லாத்தையும் முதல்லேருந்து அனுப்பணும்."

கலாமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். வேற வாசலப் பார் என்று அது சொல்லவே இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமையும், எல்லாம் அப்படியேதானா என்று இவள் கேட்க, அப்படியேதான் என்று அது சொல்லியிருக்கிறது. இதோடு கதை முடிந்து அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன், நீயும் நினைப்பாய். ஆனால் பொறாமை அர்த்தம் புரிந்ததும் போய்விடுகிற சாமான் இல்லையே. அவள் சொன்னது இது.

"அப்ப அவளுக்குப் புதுசு, எனக்குப் பழசு. பழசே போதும்னு சொல்லுது."

"அக்கா..."

"கையில இருக்கறதப் போட்டுட்டுப் போனா?"

"போட்டுட்டுப் போனா 200தான் வரும்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. போனில் சேர்த்து வைத்ததைத் துடைக்கிற மாதிரி ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சொல்லியது. அதன் மேல் தப்பில்லை.

மறுநாள் காலை கலாமணி தலைக்குக் குளித்து, வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தில் மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அடுத்த தெருதான். அந்தத் தூரத்துக்குள், அண்ணனைப் பற்றித் தன்னிடம் இருந்ததை எல்லாம் முந்தானை முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து வழியில் வைத்துக்கொண்டே போனாள். அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்தபோது உள்ளே விடாததால் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று கதை சொன்னதைக் குழாயடியில் வைத்தாள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கால் சக்கரத்தில் மாட்டியபோது அவன் சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டதைக் கரண்ட் கம்பத்தின் அடியில் வைத்தாள். அவன் கல்யாணத்தில் இவள் இணைச்சீர் செய்ததை, கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையிலும் ஒரு முனை இவள் கையிலுமாக ஊர் பார்க்க நின்றதை, வைக்க மனசில்லாமல் கொஞ்சம் நின்று, பிறகு சுகந்தியின் செவ்விளநீரை நினைத்துக்கொண்டு, பிள்ளையார் மேடையருகே வைத்தாள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த மணியக்காரர் வீட்டு வெள்ளாடு, சுவரொட்டியைத் தின்கிற மாதிரியே, அவள் வைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் தின்றுகொண்டே வந்தது.

அண்ணன் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கலாமணியின் முகம் கழுவித் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது என்றார் தெய்வானை அம்மா. அவள் எப்போதும் கேட்கிறதைக் கேட்கவில்லை.

"ஊட்டுல ஆருங்க?" என்றாள்.

200. பளீரென்று. அவள் ஆசைப்பட்டது போலவே.

சென்னியப்பன் வெளியே வந்தார். நிலையைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். அவருக்கு வேறென்ன செய்யத் தெரியும், அந்த எண்ணுக்கு எதைச் சொல்லிப் பழக்கமோ அதையே சொன்னார். "வாங்க, வாங்க" என்றார். நாற்காலியை எடுத்துப் போட்டார். தனபாக்கியம் இளநீர் கொண்டுவந்தாள். கலாமணி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாசூக்காகக் குடித்துவிட்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்க பொண்ணுக்குக் கல்யாணமுங்க. ஊருக்குள்ள எல்லாருக்கும் வெக்கறோம். நீங்க குடும்பத்தோட வந்து நாலு அட்சதை போட்டுட்டுச் சாப்பிட்டுட்டுப் போகோணும்."

சென்னியப்பன் தாம்பாளத்தை வாங்கவில்லை. "பட்டம் ஆருங்க கட்டறாங்க?" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அதுக்குத்தானுங்க ஆள் பாக்கோணும்" என்றாள் கலாமணி. "எங்க பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லீங்க. நான் ஒத்தைப் பொறப்பு."

தனபாக்கியம் கையிலிருந்த சொம்பு நழுவிக் கீழே விழுந்தது. அப்போதுதான் அந்த வெள்ளாடு வந்து வாசலில் நின்றது. தாடியை ஆட்டிக்கொண்டு, சென்னியப்பனையே பார்த்துக்கொண்டு, ஒரு தடவை கத்தியது. நிலையில் 304 எழுந்தது.

அவர் ஆட்டைப் பார்த்தார். அதன் வாயோரத்தில் இன்னும் மெல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த கூறைச்சேலைச் சிவப்பைப் பார்த்தார். ஊர் முழுக்க அந்த எண் ஒரே ஒருத்திக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அவள் தன்னிடம் இருந்ததை எல்லாம் எங்கே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அவள் காலடியில் வெறும் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பேசாத அந்த மனுசன் பேசத் தொடங்கினார். 200 வந்துவிட்டதே, இனி முதலிலிருந்து எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டுமே.

"நீ பொறந்தப்ப எனக்கு உன்னக் கண்டா ஆகாது அம்மிணி" என்றுதான் ஆரம்பித்தார். "ஆத்தா மடி எனக்குத்தான்னு இருந்தேன். நீ வந்து படுத்துட்ட. எல்லாரும் தொட்டிலயே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரு நா ஆரும் இல்லாதப்ப உன்னத் தூக்கிக் கொப்பரைக் கூடைக்குள்ள வெச்சு, சந்தைக்குப் போற வண்டியில ஏத்தி விட்டுட்டேன்."

"அய்யோ" என்றாள் கலாமணி, யாரோ ஒரு குழந்தைக்காக.

"வண்டி கரட்டு மேடு ஏறறதுக்குள்ள எனக்கு நிக்க முடியல. ஓடுனேன். செருப்பில்லாம ஓடி, வண்டியப் புடிச்சு, கூடையக் கீழ எறக்கிப் பாத்தா நீ அழுகல. எம்மூஞ்சியப் பாத்துச் சிரிச்ச. இவ எனக்குச் சொந்தம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆத்தாகிட்டக்கூடச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லல."

அப்படியே சொல்லிக்கொண்டு போனார். அம்மையை, ஜன்னலை, சைக்கிளை, கிழித்த சட்டையை, அவள் பிள்ளையார் மேடையில் வைத்துவிட்டு வந்த இணைச்சீரை, எல்லாவற்றையும் அவர் நின்ற பக்கத்திலிருந்து சொன்னார். அவளைக் கட்டிக்கொடுத்த அன்று, அவள் வேறொருத்தன் கூட வண்டியேறிப் போனதைப் பார்க்கப் பொறுக்காமல், அந்த நல்ல மனுசன் மேல் அப்படி ஒரு பொறாமை வந்து, விருந்து நடந்துகொண்டிருக்கும்போது களத்தில் போய்ப் படுத்துக்கிடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து எழுதிக்கொண்டது. எப்போது அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"இதையெல்லாம் முன்னயே சொல்றதுக்கு என்னங்ணா?" என்றாள், அழுதுகொண்டே. அண்ணா என்று அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நீ எப்பக் கேட்ட? வந்து நின்னு, எல்லாம் அப்பிடியேதானான்னு கேப்ப. அப்பிடியேதான்னு சொன்னேன்."

"அவளுக்கு மட்டும் வாங்க வாங்கன்னு..."

"வாங்கன்னு கூப்பிடறவங்க எல்லாம் சாயங்காலம் பஸ் ஏறிப் போயிர்றாங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். "உன்னயும் அப்பிடிக் கூப்பிட எனக்கு வாய் வரல."

களத்தில் ஆட்கள் கொப்பரை மேல் தார்ப்பாய் மூடுகிற நேரம் வரைக்கும் அவர் பேசினார். தாம்பாளத்தை அப்புறம் அவள் மறுபடி எடுத்து, இந்தத் தடவை அவர் கையில் கொடுக்காமல் மடியில் வைத்தாள். கல்யாணத்தன்று சென்னியப்பன்தான் பட்டம் கட்டினார்; மிருதுளா மாமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். ஆடு பந்தலில் ஒரு வாழை மரத்தைத் தின்றது, யாரும் விரட்டவில்லை.

எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். தெய்வானை அம்மா நிறுத்தவில்லை, ஏனென்றால் அவர் எதிர்வீட்டில் இருந்தவர்.

அன்றைக்கு அண்ணன் பேசப் பேச, தனபாக்கியம் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அத்தனையும் கேட்டிருக்கிறாள். அந்தக் கூடைக் கதை அவளுக்குத் தெரியாது. களத்தில் படுத்துக்கிடந்தது தெரியாது. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்து, அந்த மனுசனுக்கு இத்தனை வருசம் சோறு போட்டவளுக்கு, அவர் வாயில் அவ்வளவு வார்த்தை இருக்கிறது என்பதே தெரியாது. தங்கச்சி சுகந்திக்கு இரநூறு, நாத்தனாளுக்கு அப்படி ஒரு பகல். இவளுக்கு? வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்குக் கதவு எண் சொல்லாது, கண்ணு. வெளியே நின்று கூப்பிடுகிறவர்களுக்குத்தான் சொல்லும்.

கல்யாணம் முடிந்து ஒறம்பரையெல்லாம் கலைந்து போன பிறகு ஒரு மத்தியானம், சென்னியப்பன் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தபோது, தனபாக்கியம் முகம் கழுவி, தலை வாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தன் வீட்டுக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். வாசலில் இறங்கி, வந்தவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, ஒறம்பரை கூப்பிடுகிற மாதிரி, "ஊட்டுல ஆருங்க?" என்று கூப்பிட்டாள்.

நிலையில் பொட்டுகள் நெளியத் தொடங்கின. எண் முழுதாக எழுமுன் அவள் எட்டி, உள்ளங்கையை வைத்து அதை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே, நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து சென்னியப்பன் தூக்கக் கலக்கத்தில், "ஆரது?" என்றார். அவள் கையை எடுக்கவில்லை. அதற்கு மேல் பார்க்க மனசில்லாமல் தெய்வானை அம்மா உள்ளே வந்துவிட்டாராம்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, நீ கோயில் பக்கம் போவாய்தானே, தனபாக்கியம் என்று பேரைச் சொல்லி ஒரு விளக்கு போட்டுவிட்டு வா, கண்ணு.